பேரம் பேசத் தெரியாமல் திருச்சியில் மூன்று நாள்

இந்த ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம், திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் மூன்று நாள் தனியாகச் சுற்றினேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. நான் மிசோரமில் ஓர் உறைவிடப் பள்ளியில் ஏழு வருடமாக இயற்பியல் ஆசிரியர். குளிர்கால விடுமுறை என்றால் சென்னையில் அக்கா வீடுதான். இந்த வருடம் அக்கா பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகனோடு நியூஸிலாந்து போய்விட்டாள். நான் மிசோரம் திரும்பும் டிக்கெட்டை முன்பே எடுத்துவிட்டதால் நடுவில் சில நாட்கள் மிஞ்சின. சொந்த மாநிலத்தில் லாட்ஜில் தங்கப்போவது இதுதான் முதல் தடவை.

போகுமுன் நான் இருக்கும் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிசோரம் மலைச்சாலைகளில் ஆளில்லாத கடைகள் உண்டு. மூங்கில் பந்தலில் பூசணி, கடுகுக்கீரை, வாழைக்காய் இருக்கும். அட்டையில் விலை எழுதியிருக்கும். பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. கடைக்காரர் எங்கோ சரிவில் தன் வயலில் இருப்பார். ஆளிருக்கும் கடையிலும் யாரும் விலை குறைத்துக் கேட்பதில்லை. போன புதிதில் சந்தையில் தக்காளி விற்ற ஓர் அம்மாவிடம் பழக்கதோஷத்தில் குறைத்துக் கேட்டேன். என்னிடம் காசு இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பையில் போட்டுவிட்டார். அன்றோடு விட்டேன். ஏழு வருடத்தில் பேரம் பேசும் நாக்கே எனக்கு மரத்துப் போயிற்று.

எழும்பூரில் மதிய ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கை நூற்று நாற்பத்தைந்து ரூபாய். மாலை ஆறே முக்காலுக்கு திருச்சி ஜங்ஷன். அங்கிருந்து மத்திய பேருந்து நிலையம் பக்கம் பத்து நிமிட நடையில் ஒரு லாட்ஜ் கிடைத்தது. மேனேஜருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். செல்வராஜ் என்று பெயர், துறையூர்க்காரர்.

"சிங்கிளுக்கு ஆயிரத்து நூறு சார். ரெண்டு நாளுன்னா..." என்று அவர் இழுத்தார். மீதியைக் கேட்காமலே இரண்டாயிரத்து இருநூறை எடுத்து வைத்தேன். அவர் பணத்தைத் தொடவில்லை.

"ரூம் பாக்க வேணாமா சார்?"

"வேண்டாம்."

"ஏசி கெடையாது."

"பரவாயில்லை."

"கூட யாரும் வராங்களா?"

"யாரும் இல்லை."

என் கைப்பேசி எண் போக, அவசரத்துக்கு இன்னொரு நம்பரும் எழுதச் சொன்னார். யோசித்து, பள்ளி அலுவலகத்தின் எண்ணை எழுதினேன். மலைக்கோட்டை தெரிகிற மாதிரி மூன்றாம் மாடியில் அறை கேட்டேன். மேலே எதுவும் காலி இல்லை என்று கீழேயே, தன் மேசைக்குப் பின்னால் இருந்த அறையைக் கொடுத்தார். எட்டரைக்குக் கதவைத் தட்டி, தோசை வாங்கி வரவா என்று கேட்டார். காலை ஆறு மணிக்கு அவரே காப்பியோடு நின்றார். திருச்சியில் விருந்தினரை இப்படித்தான் கவனிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ஸ்ரீரங்கம். கிளம்பும்போது அம்மா மண்டபம் படித்துறைக்கு எப்படிப் போவது என்று செல்வராஜிடம் கேட்டேன். வழி சொல்லிவிட்டு, "எத்தன மணிக்குத் திரும்புவீங்க?" என்றார். இரண்டு மணிக்கு என்றேன். ஒன்றாம் நம்பர் பஸ், பன்னிரண்டு ரூபாய், ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம். எட்டரைக்குள் போய்விட்டால் தர்ம தரிசன வரிசை ஒன்றே கால் மணி நேரத்தில் நகர்ந்துவிடுகிறது.

தரிசனம் முடிந்து வெளி வீதியில் ஒரு பித்தளைக் கடை முன்னால் நின்றேன். கணவனும் மனைவியும் ஒரு குத்துவிளக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கு விளக்கு பிடித்திருந்தது. "அதெல்லாம் வேணாம், வா போகலாம்" என்று கணவர் நாலு அடி எடுத்து வைத்தார். கடைக்காரர் கூப்பிட்டார். திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள், மறுபடி வந்தார்கள். இருபது நிமிடம் வேடிக்கை பார்த்தேன். ஒருவர் வேண்டும் என்று நிற்க, இன்னொருவர் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும். தனியாளாக இதை எப்படிச் செய்வது? கடைசியில் முந்நூறு ரூபாய் குறைந்ததும் அந்த அம்மாள் சிரித்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை. கைப்பேசியில் சார்ஜ் குறைந்திருந்தது, அணைத்து வைத்தேன். எப்படியும் நாலு நாளாக யாரும் அழைக்கவில்லை.

அம்மா மண்டபத்துக்கு ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஐம்பது போதும் என்று பிறகு தெரிந்தது. காவிரியில் முட்டளவுக்கு மேல் தண்ணீர் ஓடியது. திதி கொடுப்பவர்கள் கூட்டமாக வந்து போனார்கள். எதிர்க்கரையைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்தவன் நேரம் போனதைக் கவனிக்கவில்லை.

ஐந்தரை மணி இருக்கும். யாரோ தோளைத் தொட்டார்கள். செல்வராஜ். சட்டை முழுக்க வியர்வை.

"போன ஏன் சார் ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க?"

பதில் சொல்வதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் மூச்சு வாங்கினார். "ரெண்டு மணின்னு சொன்னீங்க. மூணரை வரைக்கும் பாத்தேன். அவசரத்துக்குன்னு குடுத்த நம்பருக்கும் ஏழு தடவ அடிச்சேன், யாருமே எடுக்கல. வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். மேல்படியிலேருந்து ஒவ்வொரு ஆளா பாத்துக்கிட்டே வரேன்."

"பள்ளிக்கு விடுமுறை சார். ஆனால் எதற்காக என்னைத் தேடினீர்கள்?"

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருஷம் முந்தி உங்கள மாதிரி ஒருத்தர் தனியா வந்தாரு. சொன்ன வாடகைய அப்படியே கட்டுனாரு. ரூமு பாக்கல, எதுவும் கேக்கல. நல்ல மனுஷன்னு நெனச்சேன். மூணாம் நாளு கதவ ஒடைக்க வேண்டியதாப் போச்சு. அதுலேருந்து வெல பேசாம யாரு வந்தாலும் எனக்குப் பயம் சார். நாளைக்குச் செலவு இருக்குன்னு நெனைக்கிறவன் அம்பது ரூபாயாவது கொறச்சுக் கேப்பான்."

அப்படி ஒரு எண்ணமே எனக்கு இல்லை என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் என்னைக் காணோம் என்று ஒருவர் ஒன்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். கைப்பேசியை எடுத்து அவர் முன்னாலேயே ஆன் செய்தேன். மிசோரம் கடைகளைப் பற்றிச் சொல்லி, விலை பேசாததற்கு அதுதான் காரணம் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"திருட்டுப் போகாதா?"

"போகாது."

"நல்ல ஊருதான்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப யாருகிட்டதான் சார் பேசுவீங்க?"

வகுப்பறை தவிர வேறு எங்கும் பேசுவதில்லை என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. எழுந்து அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து திருச்சி வந்தேன். வழியில் டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க என்னை விடவில்லை.

போக விரும்புகிறவர்களுக்காகச் செலவைச் சொல்லிவிடுகிறேன். ரயில் தவிர்த்து மூன்று நாளுக்கு அறை, சாப்பாடு, பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. தனியாகப் போகிறவர்கள் அடையாள அட்டையின் நகல் இரண்டு வைத்திருங்கள். சில லாட்ஜ்களில் தனியாள் என்றால் அறையே தருவதில்லை. அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். ஆட்டோவில் ஏறுமுன் பக்கத்தில் நிற்பவரிடம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லத் தயங்குகிற ஆளை நான் அங்கே பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ரயிலுக்கு நேரம் இருந்தது. பத்து மணிக்குப் பெரிய கடை வீதிக்குப் போனேன். ஒரு பாத்திரக் கடையில் இட்லிப் பாத்திரம் பார்த்தேன், பதினாறு குழி. எங்கள் மலையில் அது கிடைக்காது. கடையில் இருந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஆயிரத்து நூற்றைம்பது என்றார். மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "எண்ணூறு" என்றேன்.

"எண்ணூறுக்கு மூடிதான் வரும்" என்றார்.

நாலு அடி நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஐந்தாவது அடியும் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"ஏங்க, போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். எந்த ஊர், என்ன வேலை, அங்கே குளிருமா, அரிசி என்ன விலை என்று எல்லாம் கேட்டார். நடுநடுவே ஐம்பது, முப்பது என்று குறைந்துகொண்டே வந்து ஆயிரத்து இருபதில் நின்றோம். அரை மணி நேரம் போயிருந்தது. பாத்திரத்தைத் துடைத்துத் தாளில் சுற்றும்போது, "வீட்ல எத்தன பேருங்க?" என்றார்.

"நான் மட்டும்தான்."

சுற்றிய தாளைப் பிரித்தார். பதினாறு குழியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, கீழ்த் தட்டிலிருந்து சின்னதாக நாலு குழிப் பாத்திரம் ஒன்றை எடுத்து வந்தார்.

"இது நானூத்தி இருபதுதான். உங்களுக்கு இது போதும்." மூடியைப் போட்டு என் கையில் கொடுத்தார். "யாராச்சும் வந்தா ரெண்டாவது ஈடு போட்டுக்கங்க."

இந்த முறை விலை பேசவில்லை. வாங்கிக்கொண்டு ஜங்ஷனுக்கு பஸ் ஏறினேன்.