தோளில் ஏறிய வாயு

ஒரகடத்துத் தொழிற்சாலையில் எனக்குக் கசிவுச் சோதனை வேலை. உதிரிபாகத்துக்குள் காற்றை அடைத்துத் தண்ணீரில் அமுக்குவேன். குமிழி வந்தால் ஸ்கிராப், கழிவுக் குவியலுக்குப் போகும்.

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி என்ற சிறுதுளை ஆபரேஷன் செய்தபோது என் வயிற்றையும் வாயுவால் உப்பவைத்தார்கள். விழித்ததும், யாரும் முன்பே சொல்லாத இடத்தில், வலது தோளில் கடும் வலி. வாயு கசிந்து மேலேறிவிட்டது, கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"கஸ்தூரி, நான் ஸ்கிராப்பு. பசங்கள பாத்துக்கோ" என்று மனைவியிடம் அழுதேன்.

"சும்மா கெடய்யா! உன் வாய்தான் லீக்காவுது."

நர்ஸ் வந்தார். "மிச்ச கேஸ் உள்ள உறுத்துறதால தோள் வலிக்குது. ரெண்டு மூணு நாள்ல போயிடும். மூச்சு திணறுனாலோ, ஜுரம் வந்தாலோ, வயித்து வலி ஏறுனாலோ உடனே சொல்லுங்க."

நான் நம்பவில்லை. குமிழி வந்த எதையும் நான் பாஸ் செய்ததே இல்லை. வலி போகும்வரை சாவுக்குத்தான் காத்துக்கிடந்தேன்.

இப்போதெல்லாம் ஊசி போடுவதற்குக்கூட, பிறகு எங்கே வலிக்கும் என்று முன்பே கேட்டுவிடுகிறேன். பதில் கேட்டதும் அங்கே வலிக்கத் தொடங்கிவிடுகிறது.