வீட்டைத் தாண்டக் கூடாத பெயர்

லேர் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் ஹைட்ரூனிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள்தான். பதினெட்டு வயதில் பயந்தவர்கள் நாற்பது வயதிலும் தெருவில் கண்டால் "வணக்கம் மேடம்" என்று ஒதுங்கி நிற்பார்கள்!

அங்கே மனைவியை எலிக்குட்டி என்றும் கணவனைக் கரடிக்குட்டி என்றும் கடை வரிசையில் நின்றபடியே கொஞ்சுவார்கள். ஹைட்ரூனுக்கு அதைக் கேட்டாலே உடம்பு கூசும். ஆனால் அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன் புற்றுநோய் சிகிச்சையில் அவள் தலைமுடி மொத்தமும் கொட்டிப்போனது. ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. விக் வைத்துக்கொண்டு, அதே அதட்டலோடு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். முடி குத்துக்குத்தாக முளைத்த ஒரு காலையில் என்னோ என்ற அவள் கணவன் அந்தத் தலையைத் தடவி, "அடி என் முள்ளெலிக்குட்டி!" என்றான். இருவரும் சிரித்தார்கள், சிரித்தபடியே அழுதார்கள்.

"வெளியில இந்தப் பேரு போச்சு, அவ்வளவுதான் நீ" என்றாள்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

வெள்ளிவிழாத் திருமண நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கம்பக்கத்தார் வாசலைச் சுற்றிப் பச்சைத் தழையும் காகித ரோஜாவும் கட்டியிருந்தார்கள். தேநீர் முடிந்ததும் பக்கத்து வீட்டு ஃபோல்கெர்ட் ஒரு கட்டுக் காகிதத்தோடு எழுந்தான். தம்பதியின் மானத்தை வாங்கும் கேலிப் பத்திரிகை. வெள்ளிவிழா என்றால் அது இல்லாமல் முடியாது.

"தலைப்புச் செய்தி கேளுங்கப்பா! ஊரையே நடுங்க வைக்கிற மேடத்துக்கு வீட்ல என்ன பேரு தெரியுமா? முள்ளெலிக்குட்டி!"

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி. அதில் ஒரு படம்: ஸ்டீயரிங் பிடித்த முள்ளெலி, அதன் தலையில் சரிந்த விக்.

"அட, அப்போ அது விக்கா?" யாரோ ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்.

ஹைட்ரூன் கணவனைப் பார்த்தாள். அவன்தான் எல்லாரையும்விட அதிகமாக மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சமையலறையில் அவனை மடக்கினாள். "நீயா சொன்னே?"

"ஃபோல்கெர்ட் கதை ஏதாச்சும் குடுன்னு ஒரு மாசமா உயிரை எடுத்தான். எல்லா வீட்லயும் குடுக்கிறதுதானே? பிரியமாத்தான்..."

"கதையா? அது உனக்குக் கதையா?"

"மூஞ்சியத் தூக்காதே. எல்லாரும் எப்படி ரசிச்சாங்க பாரு!"

"ஆமா என்னோ. எல்லாரும் ரசிச்சாங்க."

பிறகு அவள் கேக் வெட்டினாள், விருந்தினருக்குக் கோட்டு எடுத்துக் கொடுத்தாள். "வர்றேன் முள்ளெலிக்குட்டி!" என்று வாசலில் ஃபோல்கெர்ட் கண்ணடித்தான். அவன் முகத்தெதிரே கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து என்னோவின் குரல் வந்தது. "முள்ளெலிக்..." பாதியில் நின்றது. துவாலையோடு வந்து கதவு நிலையில் சாய்ந்தான்.

"அப்போ உன்னை எப்படித்தான் கூப்பிடறது?"

ஹைட்ரூன் கார் சாவியை எடுத்தாள்.

"ஊர்ல எப்படிக் கூப்பிடறாங்களோ, அப்படியே கூப்பிடு. மேடம்னு."