ஓக் மரத்தடி ஆக்கள்

என் அக்காவுக்கு ஒருவரை அறிமுகப்படுத்தினால், "சுகமோ?" என்று கேட்க முதலே "எவடம்?" என்றுதான் கேட்பாள். அடுத்தது, "ஆரின்ரை பிள்ளை?" அந்த இரண்டு கேள்விக்குள் ஆளின் பரம்பரையே வெளியே வந்துவிடும். லண்டனில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசுகிற தாய்மார் பலர், சாதகம் பார்க்க முதல் அப்டன் பார்க்கிலிருக்கும் இவளுக்குத்தான் போன் எடுப்பார்கள்.

அப்படிப்பட்டவளிடம் போய், என் மகள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போகிறாள் என்று எப்படிச் சொல்வது? பெடியன் லண்டனில்தான் பிறந்தவன். குடும்பப் பெயர் மட்டும் பிரெஞ்சு. அதில் பாதியை மூக்கால்தான் சொல்ல வேண்டும்.

"ஆக்கள் ஆரெண்டு தெரியாமல் நான் மணவறைக்குப் பக்கத்திலை வந்து நிக்க மாட்டன்," என்றுவிட்டாள் அக்கா.

"உனக்கென்ன விசரே? இந்தக் காலத்திலை..."

"எந்தக் காலத்திலையும் ஆக்கள் ஆக்கள்தான். போனை வை."

வந்த ஆத்திரத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். புதுப் போன் என்பதால் தப்பியது. ஆனால் உள்ளுக்குள் பயந்துதான் போனேன். அம்மா செத்தபோது நான் நடக்கப் பழகாத குழந்தை. என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வளர்த்தவள், பிறகு லண்டனுக்குக் கூப்பிட்டவள், எல்லாம் இந்த அக்காதான். அவள் வராத கல்யாணம் எனக்கு என்ன கல்யாணம்? மகளும் அதையேதான் சொன்னாள்: "பெரியம்மா வராட்டி எனக்கு வெடிங்கே வேண்டாம்."

வேறு வழியில்லாமல் இரண்டு பகுதியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். காலையிலேயே மகள் குசினிக்குள் வந்து எச்சரித்தாள். "அம்மா, அவன்ரை அப்பாட்டை சர்நேமைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கேக்கக் கூடாது. தொடங்கினா ஸ்டொப் பண்ண மாட்டார்."

அக்கா வந்தாள், இருந்தாள், ஒரு மரக்கறி ரோல்ஸை எடுத்தாள். பெடியனின் தகப்பனைப் பார்த்து, "எவடம்?" என்றாள்.

மகள் தலையில் கைவைத்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள். அவர், "லண்டன்," என்றார்.

"அதுக்கு முன்னம்?"

"அப்பாவும் லண்டன்தான்."

"அதுக்கும் முன்னம்?"

எங்களிடம்தான் இந்த ஊரில் இப்படித் துருவித் துருவிக் கேட்பார்கள். ஒரு வெள்ளைக்காரரை நாங்கள் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். மனிதருக்கோ கோபமே வரவில்லை. முகமெல்லாம் பல்லாகக் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய மனைவி மெல்ல எழும்பி, தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

அவருடைய பாட்டனார் பிரான்சிலிருந்து சமையல்காரராக வந்தவராம். முன்னொரு காலத்தில் அங்கே சனங்களுக்கு ஒற்றைப் பெயர்தானாம். ஒரே பெயரில் ஊருக்குள் பலர் சேர்ந்ததும், பேக்கரியில் பாண் போடுகிறவன், செம்பட்டைத் தலையன், பாலத்தடியான் என்று அடையாளம் சொல்லத் தொடங்கினார்களாம். பிறகு பாண் போடாத பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப் பெயராம். அவர்களுடைய பெயருக்கு, ஓக் மரத்தடி என்று அர்த்தமாம்.

"இதென்ன புதினம்? எங்கடை ஆக்களையும் புளியடியார் எண்டுதானே சொல்லுறவை!" அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அந்த மரம் உங்கடை வளவுக்குள்ளை நிண்டதோ?"

அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். மனிதர் விடவில்லையே!

அந்தப் பெயருள்ள வேறு குடும்பங்களுக்கு அப்படி இருக்கலாம், தங்களுக்கு அப்படியில்லை என்றார். பெயரை முதலில் சுமந்தது ஓக் மரத்தின் கீழ் யாரோ விட்டுப்போன ஒரு பச்சைக் குழந்தை. தாய் தகப்பன் தெரியாததால், கண்டெடுத்த இடத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். "அதற்கு மேலே எங்களுக்கு ஆட்கள் இல்லை," என்று சொல்லி மகனைப் பார்த்தார்.

மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். பாவி மனுசா, மரத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாதா!

"என்னவாம்?" என்றாள் அக்கா.

நான்தான் சொன்னேன். அக்கா கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தாள்.

"பிள்ளையை ஆர் தூக்கினது?"

இந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை போலும். ஓக் கொட்டை தின்னப் பன்றிகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் என்று வீட்டில் சொல்வார்களாம். தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தாளாம். அவள் பெயர் தெரியாதாம்.

ஐயோ, பன்றி! சுத்த சைவக்காரி அக்காவுக்கு முன்னால்! நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பிறகேன் ஆக்கள் இல்லையெண்டு சொல்லுறார்?" அக்காவின் குரல் உயர்ந்தது. "தூக்கி வளர்த்தவள் இருக்கிறாளெல்லே? அவதான் ஆக்கள். வடிவாச் சொல்லு அவருக்கு." ரோல்ஸைத் திரும்ப எடுத்தாள். "எப்ப நாள் வைக்கிறியள்?"

கல்யாணம் ஆர்ச்வேயில், கோயிலில் நடந்தது. தாலி கட்டி முடிந்த கையோடு, ஒரு மாமி அக்காவின் காதுக்குள், "மாப்பிள்ளை ஆக்கள் ஆர்?" என்று கேட்டாள்.

"ஓக்கடியார்," என்றாள் அக்கா, மேளத்துக்கும் மேலால். "பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஒரு மனுசியின்ரை வழி."

அதற்குமேல் எனக்கு அழுகை நிற்கவில்லை. அக்கா, "சீ, என்ன இது, சனம் பாக்குது," என்று அதட்டி, தன் புதுச் சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். எனக்கு ஐம்பது வயது.