வெப்சைட்டில் இல்லாத கிரைண்டர் கடை

இன்று ஆடி வெள்ளி. சாயங்காலம் அம்மனுக்கு வடை நைவேத்தியம் என் பொறுப்பு. காலையில் உளுந்து ஊறிவிட்டது, கிரைண்டர் சுற்றவில்லை.

கடைகளுக்கு ஜனங்கள் நட்சத்திரம் போடுகிற வெப்சைட்டில் எங்கள் ஏரியாவான அல்சூரைப் போட்டு, கிரைண்டர் ரிப்பேர் என்று தேடினேன். வந்ததெல்லாம் புதிது விற்கும் ஷோரூம்கள். நடுவில் ஒரு பியூட்டி பார்லர்.

கடைசியில் ஊரின் இன்னொரு பக்கம், ஜெயநகரில் ஒரு ரிப்பேர் கடை கிடைத்தது. ஐந்து நட்சத்திரம். போன் போட்டேன்.

"ஹேளி மேடம்", சொல்லுங்கள் என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர், என் அரைகுறைக் கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"அல்சூர்ல எங்கம்மா?"

அம்மன் கோயில் தெரு என்றேன்.

"கோயிலுக்குப் பின்னாடியே ஒரு பாய் கடை இருக்கே. இங்க வர்ற கிரைண்டரையே நாங்க அவருக்குத்தான் அனுப்புறோம். நேரா அங்கயே போயிடுங்க."

கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. பாய் பெல்ட்டை மாற்றிக்கொண்டே, "தினம் கோயிலைச் சுத்துறீங்களேம்மா, இந்தப் பக்கம் பார்த்ததே இல்லையா?" என்றார்.

சுற்றும்போது என் கண் கோபுரத்தில்தான் இருக்கும் என்றேன்.

வடை நேரத்துக்கு ஆயிற்று. உண்மையைச் சொன்ன ஜெயநகர்க்காரருக்கு நானும் ஐந்து நட்சத்திரம் போட்டேன். பாய்க்கும் போடலாம் என்றால், வெப்சைட் கடையின் பெயரைக் கேட்கிறது. பாயோ, "அதெல்லாம் வெக்கலம்மா" என்கிறார்.

நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள், வைத்துவிடுகிறேன்.