கடைசிப் பாகம் வசந்தியிடம்

நேற்றுக் காலை மல்லிகா எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டிருந்தாள். பழைய ஃபேக்டரித் தோழிகளின் குழு அது. காலை வணக்கம், மூட்டு வலிக்கு எண்ணெய், யார் வீட்டுக் கல்யாணம் என்று ஓடிக்கொண்டிருக்கும். அவள் மகள் கேட்டாளாம், அம்மா நீங்கள் எப்படிப் பேய்க் கதை, கொலைக் கதை, ராஜா கதை, விண்வெளிக் கதை என்று எல்லாவற்றையும் படிக்கிறீர்கள் என்று. அதற்கு மல்லிகா சொல்கிறாள்: “எல்லாத்துக்கும் நம்ம வசந்திதான் காரணம். அவ மட்டும் இல்லன்னா நான் இன்னும் மாமியார் கதையிலயே கெடந்திருப்பேன் லா.”

நான் அப்போது தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமான நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்படியே மடித்து வைத்துவிட்டேன். அறுபதைத் தாண்டிய பிறகும் இதற்கெல்லாம் வயிறு எரியுமா என்று கேட்பீர்கள். எரிகிறது. நான் என்ன செய்ய?

மடித்து வைத்தாலும் சம்பல் வாசம் விடவில்லை. எங்கள் புத்தகங்களுக்கெல்லாம் அந்த வாசம்தான் இருந்தது. மற்றவர்கள் பழைய காகித வாசனை என்று உருகி எழுதுகிறார்கள். எங்களுக்கு வாய்த்தது நெத்திலிச் சம்பலும் தேங்காய் எண்ணெயும்தான். இருபது பெண்கள் தொட்டுப் படித்த காகிதம் வேறு எப்படி மணக்கும்?

அப்போது நாங்கள் லகாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் அம்மாக்கள் பால்வெட்டுக்குப் போனார்கள். நாங்கள் ஈப்போவுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போனோம். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடி கனத்தில் கம்பி ஒட்டுகிற வேலை. காலையில் பஸ் வரும்போது இருட்டாக இருக்கும், தூங்கிக்கொண்டே போவோம். வேலை முடிந்து திரும்பும்போதுதான் படிப்பு. பஸ் ஊரெல்லாம் சுற்றி, ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் ஆளை இறக்கிவிட்டு வரும். எங்கள் தோட்டம் கடைசி. அதனால் எங்கள் தோட்டத்துப் பெண்களுக்குப் படிக்க நிறைய நேரம்.

படித்த முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு புத்தகம், பஸ் நிறைய ஆள். யார் முதலில் படிப்பது? அதனால் புத்தகத்தை வெட்டிவிடுவோம். பிளேடை வைத்து முதுகில் கீறினால் நான்கு துண்டாக வந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ரப்பர் பேண்டு. முதல் பாகம் முன் சீட்டுக்கு, கடைசிப் பாகம் பின் சீட்டுக்கு. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்போம். முடித்த பாகத்தைப் பக்கத்தில் தள்ளிவிட்டு, கிடைக்கிற பாகத்தை வாங்கிக்கொள்வோம். மூன்றாம் பாகத்தைப் படித்துவிட்டு ஒன்றாம் பாகத்துக்குப் போவோம். ஒரு குறையும் இல்லை. அப்போது நாங்கள் படித்ததெல்லாம் குடும்பக் கதை. மாமியார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மாமியார்தானே? கடைசியில் மருமகள் காலில் விழுவாள், அல்லது மாமியார் மனம் திருந்துவாள். இவள் மூன்றாம் பாகத்தில் இப்படி அழுகிறாளே, முதல் பாகத்தில் என்னதான் நடந்தது என்று பின்னால் போய்ப் பார்ப்பதிலும் ஒரு ருசி இருந்தது.

மல்லிகாவும் நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்தே ஒரே பெஞ்சு. பஸ்ஸிலும் ஒரே சீட்டு. எங்களுக்கு மட்டும் ஒரு பாகம் போதும், ஆளுக்கு ஒரு பக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து படிப்போம். அவள் வேகமாகப் படிப்பாள். நான் முடிக்கும்வரை பக்கத்தைத் திருப்பாமல் காத்திருப்பாள். அழுகிற இடம் வந்தால் முந்தானையை எனக்கும் சேர்த்து நீட்டுவாள்.

வசந்தி பாரிட் புந்தார் வயல்காட்டுப் பக்கமிருந்து வந்தாள். எங்கள் தோட்டத்தில் அவள் சித்தி இருந்தார், அங்கே தங்கி எங்கள் ஃபேக்டரியிலேயே சேர்ந்தாள். எங்களைவிட இரண்டு வயது சின்னவள், ஒல்லி, வாய் மட்டும் பெரிசு. முதல் நாளே பையிலிருந்து ஒரு பேய்க் கதையை எடுத்தாள். அட்டையில் ஒரு கிணறு, கிணற்றிலிருந்து ஒரு கை.

“பாரிட் புந்தார்ல பேய் நெறய இருக்கோ?” என்று கேட்டேன். நல்ல எண்ணத்தில் கேட்கவில்லை.

“இருக்கு லா அக்கா. ஆனா ஒங்க மாமியாருங்க அளவுக்குப் பயமா இல்ல.”

பஸ்ஸே சிரித்தது. சிரித்ததில் பாதி மல்லிகாவின் சிரிப்பு. எனக்கு அன்றைக்கே அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

அடுத்து ஒரு துப்பறியும் கதை கொண்டுவந்தாள். எங்களில் யாரும் அதுவரை அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. புத்தகம் வந்தால் வெட்டுவதுதானே வழக்கம்? அவள் முன் சீட்டில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் பிளேடைப் போட்டு நான்காக்கிப் பங்கு வைத்துவிட்டோம். பஸ் கிளம்பி, எல்லாரும் குனிந்து படிக்கிறோம். கொஞ்ச நேரம்தான். பின் சீட்டிலிருந்து லெட்சுமி எழுந்து நின்று கத்தினாள்: “ஏய்! டாக்டர்தாண்டி கொன்னுட்டான்!”

முன் சீட்டிலிருந்து ஒருத்தி, “எந்த டாக்டர்? யார கொன்னான்? இங்க இன்னும் யாருமே சாகலயே!”

“செத்துட்டாங்கடி! போலீசே வந்து புடிச்சிட்டு போயிருச்சு!”

நடு சீட்டில் இருந்த எங்களுக்கு டாக்டர் அப்போதுதான் கதைக்குள் வந்து, வீட்டுக்காரம்மாவுக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நல்ல மனுசன் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஒரே கூச்சல். டிரைவர் மலாயில் திட்டினார். வசந்தி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, “அட பாவிங்களா, இத போயி யாராச்சும் வெட்டுவாங்களா?” என்றாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. மல்லிகா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, எழுந்து போய் வசந்தியின் சீட்டில் உட்கார்ந்து, “அப்ப எப்படிடி படிக்கணும், சொல்லு,” என்று கேட்டாள்.

அன்றிலிருந்து சட்டம் மாறியது. வெட்டலாம், ஆனால் வரிசையாகத்தான் படிக்க வேண்டும். கடைசிப் பாகம் வசந்தியின் சாப்பாட்டுப் பையில் இருக்கும். மூன்று பாகமும் முடித்தவள் அவளிடம் போய், யார் மேல் சந்தேகம் என்று காதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கடைசிப் பாகம் கையில் வரும். நேற்று வந்த சின்னப் பெண். ஃபேக்டரி சூப்பர்வைசருக்குக்கூட நாங்கள் அப்படிப் பணிந்ததில்லை. முடிவு யாரிடம் இருக்கிறதோ அவளுக்குத்தான் பஸ் சொந்தம்.

மல்லிகா வேகமாகப் படிப்பவள் இல்லையா? எப்போதும் முதலில் போய் நிற்பாள். அப்புறம், “சும்மா ரெண்டு நாளுடி, இந்தக் கதை முடியிற வரைக்கும் அங்க ஒக்காந்துக்கிறேன்,” என்றாள். கதை முடிந்தது. அடுத்த கதை வந்தது. அவள் திரும்பி வரவில்லை. என் பக்கத்துச் சீட்டில் என் பைதான் உட்கார்ந்து வந்தது. இரண்டு சீட்டு முன்னால் அவர்கள் இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு குசுகுசுவென்று பேசுவது தெரியும். ஒட்டிக் கேட்டால் தாலி, சீர், நாத்தனார் எதுவும் கிடையாது. விஷம், ஆவி, கோட்டைச் சுவர் என்று பேசுவார்கள். எனக்குப் புரியாத பாஷையில் என்னைத் திட்டுவதுபோல் இருக்கும்.

சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போய்ப் புத்தகக் கடையில் நின்றேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும். மேல் தட்டிலிருந்து ஒரு குடும்பக் கதையை எடுத்தார்.

“வேணாண்ணே. குடும்பமும் வேணாம், பேயும் வேணாம், கொலையும் வேணாம். வேற என்ன இருக்கு?”

“ஏம்மா, வீட்டுல எதும் சண்டையா?”

“இருக்கா இல்லியா?”

அடியில் கையை விட்டுத் தேடி ஒன்றை உருவினார். “இது எதிர்காலக் கதையாம். ரெண்டே ரெண்டுதான் வந்துச்சு. ஒண்ணு போயிருச்சு. மத்தத யாரும் சீந்தல.” அட்டையில் ஒரு பெண் வெள்ளி நிறத்தில் உடம்போடு ஒட்டிய சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் பொட்டும் தலையில் மல்லிகைச் சரமுமாக நின்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் கதை எனக்குத் தேவையே இல்லை. கடைசிப் பாகம் என் பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முடிவு என்ன என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் படிக்க ஆரம்பித்தேன். கடலுக்கு அடியில் ஒரு நகரம். சூரியனையே பார்க்காத சனங்கள். அங்கே ஒருத்திக்குப் பிள்ளை பிறக்கிறது. வெளிச்சம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பாள்? நான் அடுப்பில் வைத்த சோறு தீய்ந்து, அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. வெளியே வந்து வெயிலைப் பார்த்தேன். ரப்பர் மரத்துக்கு நடுவில் விழுகிற வெயில், பிறந்ததிலிருந்து பார்த்த வெயில். அதை ஒரு புத்தகம் எனக்குப் புதிதாகக் காட்டிவிட்டது. சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதெல்லாம் உலகத்தில் இருக்கிறது என்று அந்த வயல்காட்டுக்காரிக்கு முன்பே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி புத்தகத்தை வெட்டினேன். “கடைசிப் பாகம் எங்கிட்ட இருக்கும்,” என்று சத்தமாகச் சொன்னேன். மூன்று பாகமும் கை மாறின. பஸ் இரண்டு தோட்டம் தாண்டியது. மல்லிகா எழுந்தாள். நேராக என் சீட்டுக்கு வந்தாள். என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மூணு பாகமும் படிச்சிட்டு வா. அப்பத்தான் தருவேன்,” என்றேன்.

“வேணாண்டி. அத நானும் வசந்தியும் போன மாசமே படிச்சிட்டோம். நீ அத வெட்டுறத பாத்தோன்ன அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு, அதான் ஓடி வந்தேன். அந்தப் பிள்ளைக்கு வெளிச்சத்த பத்திச் சொல்ற எடம் நல்லாருக்குல்ல?”

இரண்டு புத்தகத்தில் போன ஒன்று எங்கே போனது என்று அப்போது தெரிந்தது.

“என்னத்த நல்லாருக்கு, கண்ட கதை,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் நல்ல மனசோடுதான் வந்தாள். அதுதான் இன்றைக்கும் எரிகிறது. குத்திக்காட்ட வந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அப்புறம் வெறி பிடித்த மாதிரி படித்தேன். பேய்க் கதையை விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தேன். குதிரை, வாள், சுரங்கப் பாதை என்று போகிற ராஜா கதைகளை, பெயர் குழம்பிக் குழம்பிப் படித்தேன். எது படித்தாலும் அவர்கள் இருவரும் அதை முடித்துவிட்டு வேறு எங்கோ போயிருப்பார்கள். புதுப் புத்தகத்தைத் திறந்தால் உள்ளே வசந்தி முன்பே வந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு என்னைப் பார்த்து, இவ்வளவு விதமாகப் படிக்கிறீர்களே என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. அறிவு வளர வேண்டும் என்றா படித்தேன்? வயிற்றெரிச்சல்.

மல்லிகாவுக்குத் தஞ்சோங் மாலிமில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்யாணம் முடிந்து போய்விட்டாள். பஸ்ஸில் வசந்தி ஒரு சீட்டில் தனியாக, நான் ஒரு சீட்டில் தனியாக. ஒரு நாள் அவளே எழுந்து வந்தாள்.

“அக்கா, ஒக்காரலாமா?”

“பஸ்ஸு என்ன எங்கப்பன் வாங்கினதா? ஒக்காரு.”

உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “ஒங்ககூட படிக்கிறப்ப மல்லிகா அக்கா அழுவாங்களாமே? அவங்களே சொன்னாங்க. எங்கூட ஒரு நாளும் அழுததில்ல. நானும் எத்தனையோ கதை குடுத்துப் பாத்துட்டேன்,” என்றாள். அப்புறம் குரலை இறக்கி, “அந்த மாமியார் கதையில அப்படி என்னதான் இருக்கு? ஒண்ணு குடுங்களேன், படிச்சிப் பாக்கிறேன்.”

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சம்பளம் கூடிய நாளில்கூட வந்ததில்லை. எல்லாம் படித்தவள் படிக்காத ஒரு வகை என்னிடம் இருந்திருக்கிறது. நான் அவளைப் பார்த்து எரிந்த நாளெல்லாம் அவளும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். பையிலிருந்து ஒரு குடும்பக் கதையை எடுத்து மூன்றாம் பாகத்தை மட்டும் கொடுத்தேன்.

“முதல் பாகம் எங்க?”

“இத நடுவுலதான் ஆரம்பிக்கணும். படி, பேசாத.”

அவள் அழவில்லை. மருமகள் ஏன் போலீசுக்குப் போகவில்லை என்று கேட்டாள். நான் சண்டைக்குப் போனேன். அதற்குப் பிறகு ஃபேக்டரி மூடும்வரை அந்தப் பஸ்ஸில் தினமும் சண்டைதான். அவளுடைய டாக்டர் முழு மூடன் என்பேன், என்னுடைய மருமகள் முதுகெலும்பில்லாதவள் என்பாள். அவளை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் அவள் லீவு போட்டால் வீடு வருகிறவரை பொழுது போகாது.

ஃபேக்டரி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. வசந்தி ஊருக்குத் திரும்பிவிட்டாள். தோட்டத்தை அழித்து வீடமைப்புப் பகுதி கட்டினார்கள், அங்கேயே ஒரு வீட்டில் நான் இருக்கிறேன். புத்தகக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். மல்லிகாவும் வசந்தியும் குழுவில் கதைகளை முழுசு முழுசாக அனுப்பிக்கொள்கிறார்கள். எனக்கும் வருகிறது. முதல் பாகமும் கடைசிப் பாகமும் ஒரே நேரத்தில், எல்லார் கையிலும். யாரும் எழுந்து யார் சீட்டுக்கும் போக வேண்டியதில்லை.

போன வாரம் ஈப்போவுக்கு பஸ்ஸில் போனேன். கையில் ஒரு துப்பறியும் கதை, காகிதத்தில் அச்சடித்தது. பாதியிலேயே கொலைகாரன் யார் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பஸ்ஸில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தரும் என்னிடம் முடிவைக் கேட்கவில்லை.