மொட்டை முதுகுத் தேனீ

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பகுதியில் வேலை பார்த்த தேனீ ஆராய்ச்சியாளருக்குப் 'பிரிவினை' என்று பட்டப்பெயர். இரண்டு தேனீக்கள் ஒரே மாதிரி இருந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. ஏதாவது ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத் தனித்தனிப் பெட்டியில் போட்டால்தான் நிம்மதி. சொந்த அண்ணனோடு சேர்ந்திருந்த வீட்டுக்கு நடுவிலேயே சுவர் எழுப்பிய புண்ணியவான் அவர்.

அவருக்கு உதவியாளராக இருந்தவளுக்கு, செத்த பூச்சிகளை ஊசியில் குத்தி வைக்கும் வேலை. அவரை அவள் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. மதிப்பதற்கு என்ன இருக்கிறது? தேனீ ஆராய்ச்சிக்காரருக்கு வெயில் ஆகாதாம். பூக்காலமெல்லாம் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு குடை பிடித்துக்கொண்டு புதர்ப்பக்கம் ஒரு சுற்று வருவார். அப்படி வந்தபோது சிக்கியவைதான் அந்தக் காட்டுத் தேனீக்கள். மற்ற காட்டுத் தேனீக்களுக்கு முதுகெல்லாம் முடி, இவற்றுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

அன்றிலிருந்து அவர் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

"புது உட்பிரிவும்மா இது. இனிமே எந்தப் புத்தகத்தைத் தொறந்தாலும் இதுக்குப் பக்கத்துல என் பேரு இருக்கும்."

மாதக் கடைசியில் ஓய்வு. காலமெல்லாம் அடுத்தவன் வைத்த பெயர்களையே சீட்டில் எழுதி ஒட்டிய மனிதர், இந்த ஒரு பெயரைத்தான் நம்பியிருந்தார். கட்டுரை அச்சுக்குப் போகக் காத்திருந்தது.

அந்த மொட்டைத் தேனீக்களில் ஒன்று, ஒரு பொந்துக் குச்சிக்குள் கூடு கட்டியிருந்தது. அவள் அந்தக் குச்சியை வெட்டி வந்து ஜாடியில் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தாள். இன்று காலை அதிலிருந்து ஒரு புதுத் தேனீ வெளியே வந்தது. முதுகெல்லாம் புசுபுசுவென்று பொன்னிற முடி. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மொட்டைகள் அத்தனையும் கிழடுகள், பூவுக்கும் பொந்துக்கும் அலைந்தே முடி தேய்ந்தவை. இன்றைக்கு இந்த ஆள் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று ஜாடியை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"அந்த மொட்டையோட பொண்ணு சார். வயசானா கொட்டிடும்போல."

அவர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. அவளுக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது.

"இது வேற," என்றார்.

"ஒரே குச்சியில இருந்து வந்துச்சு சார். அம்மா ஒரு பிரிவு, பொண்ணு ஒரு பிரிவா?"

"குச்சியை வேற யாரு பாத்தா?"

"நான் மட்டுந்தான்."

"அப்ப ரெண்டு புதுப் பிரிவு. முடி உள்ளதுக்கு உன் பேரையே வெச்சுடுறேன்மா."

வெட்கங்கெட்ட மனுஷன். காறித் துப்பத்தான் அவளுக்கு வாய் வந்தது. ஆனால் கூடவே நாத்தனாரின் ஞாபகமும் வந்து தொலைத்தது. எந்த விசேஷத்திலும் நாலு பேர் நடுவில், "இன்னும் பூச்சிதான் பொறுக்குறீங்களா அண்ணி?" என்று கேட்பவள். அச்சடித்த புத்தகத்தை அவள் மடியில் விரித்து வைத்தால் எப்படியிருக்கும்?

"இனிஷியலோட போடுவீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே, குச்சியை எடுத்து நாலாக உடைத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.