மூச்சைப் பிடித்து எடுத்த ரீடிங்

பாறையை வெட்டிக் கிணறு எடுத்தேன். அங்கே தண்ணீர் வராது என்று சொன்னவர்கள், பின்னால் அதே கிணற்றில் லாரியை நிறுத்தித் தண்ணீர் பிடித்துப் போனார்கள். தகரக் கொட்டகையில் பனியன் துணி பின்னுகிற ஒரு பழைய நிட்டிங் மெஷினைப் போட்டேன். இன்றைக்கு அது மூன்று மாடிக் கட்டடம். எங்கள் சந்துக்குக் கரண்டுக் கம்பம் கொண்டு வந்தது நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்தான் வெள்ளைக்காரனுக்கு எதிரே உட்கார்ந்து துணிக்கு விலை சொன்னேன். அவன் எழுந்து கை கொடுத்தான். எங்கள் சொந்தத்தில் பெண் பிறந்தால் நகை சேர்ப்பார்கள். நான் என் மகளை அறிவியல் படிக்க வைத்து, மேலே மேலே படிக்க வைத்து, ஆராய்ச்சி வரைக்கும் கொண்டு போய் நிறுத்தினேன்.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. என் மொட்டைமாடியில் ஒரு வெள்ளைப் பெட்டியை ஒரு வருஷம் முழுக்க நிறுத்தி வைத்தேனே, அதை மட்டும் யாரும் பேசுவதில்லை. கிணறு வெட்டும்போதுகூட நான் பயப்பட்டதில்லை. அந்தப் பெட்டி இருந்த வருஷம் முழுக்கப் பயந்தேன்.

மகள் அப்போது கோவையில் ஒரு கல்லூரியில் இருந்தாள். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. அதற்குத்தான் அந்த வெள்ளைப் பெட்டி, ஜன்னல் சட்டம் மாதிரி நாலு பக்கமும் பட்டை வைத்த மரப்பெட்டி. வெயில் உள்ளே விழாது, காற்று மட்டும் போய்வரும். அதற்குள் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா நிற்கும். இன்னொன்றின் குமிழுக்கு ஒரு துணிச் சட்டை மாட்டி, அதன் வாலைக் கீழே ஒரு சின்னப் பாட்டில் தண்ணீருக்குள் விட்டிருக்கும். துணி தண்ணீரை உறிஞ்சும், காற்றில் காயும், காயக் காய அந்தத் தெர்மாமீட்டர் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஈரத்தின் கணக்கு.

எங்கள் ஊர்க் காற்றில் பனியன் பஞ்சும் சாயப்பட்டறை உப்பும் பறக்கிறதல்லவா, அது அந்தத் துணியில் அப்பிக்கொண்டு கணக்கைப் பொய்யாக்கிவிடும். இப்படிப்பட்ட ஊரிலும் சரியாக அளப்பதற்கு மகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அதற்குத் தையல் இல்லாத, குழாய் மாதிரியான மெல்லிய துணி வேண்டும் என்றாள். அரைக்கால் டவுசருக்கு இடுப்பு நாடா ஓட்டுகிற சின்ன மெஷின் என்னிடம் இருந்தது. அதில் சாயமும் காட்டாமல், துணியை மெதுவாக்குகிற சாஃப்ட்னரும் காட்டாமல் வெறும் பருத்தியில் ஓட்டி, பசை போக வேக வைத்துக் கொடுத்தேன். அவள் அதைத் தண்ணீரில் தொங்கவிட்டாள். சரசரவென்று மேலே ஏறியது. "இதேதானுங்கப்பா" என்று குதித்தாள்.

வானிலைக் கருவிகளிலும் அளக்கும் முறையிலும் புதிதாக ஏதாவது செய்தவர்களுக்கென்று ஒரு விருது உண்டாம். அதற்கு எழுதிப் போட வேண்டுமானால் தொழில் நடக்கிற ஊரில் ஒரு வருஷம், காலையும் சாயங்காலமும், குறித்த நேரத்துக்கு அளந்திருக்க வேண்டும். மகள் கோவையில் இருந்ததால் பெட்டி என் மாடிக்கு வந்தது, அளக்கிற வேலை எனக்கு வந்தது.

"ஒரு வேளை விட்டுப்போனாலும் கமிட்டிக்காரங்க அங்கதானுங்கப்பா கை வெப்பாங்க. எல்லாம் போச்சுன்னு வெச்சுக்கங்க" என்றாள்.

"நான் விடுவனா கண்ணு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, முதல் நாளே பயம் பிடித்துக்கொண்டது. தெர்மாமீட்டரில் கோடு கோடாக, எறும்புக் கால் மாதிரி அடையாளங்கள். கண்ணை நேராக வைக்க வேண்டும், கொஞ்சம் மேலே போனால் ஒரு கணக்கு, கீழே போனால் ஒரு கணக்கு. கிட்டே போய் மூச்சு விட்டால் அந்தச் சூட்டில் பாதரசம் ஏறிவிடும். அதனால் கதவைத் திறப்பதற்கு முன்பே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். பார்த்து, கதவைச் சாத்தி, இரண்டடி பின்னால் வந்துதான் விடுவேன். நாலு நாள் கழித்து என் வீட்டுக்காரி கேட்டாள்:

"ஏனுங்க, மாடியில யாரைப் பாத்துங்க இப்படி நடுங்கறீங்க? பொட்டிக்குள்ள பேயா கீது இருக்குதா?"

மகள் இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தாள். பாட்டிலுக்கு ஊற்றுகிற தண்ணீரில் உப்பு துளிகூட இருக்கக் கூடாது. மகள் கொடுத்த கேன் தீர்ந்ததும், ஜெனரேட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே போதும் என்றாள். பேட்டரித் தண்ணி என்றால் எங்கள் வீட்டில் விஷத்துக்கு அடுத்தபடி. அதைத் தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வீட்டுக்காரி சோற்றுத் தட்டை வைக்க மாட்டாள். நானும் கழுவுவேன். எனக்கும் உள்ளூர பயம்தான்.

அளந்ததை உடனுக்குடன் மகளுக்குப் போனில் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் டவர் கிடைக்காது, சந்து முனைப் பேக்கரி வாசலில்தான் கிடைக்கும். டீ குடிப்பவர்களுக்கு நடுவே நின்று நான் சத்தமாகச் சொல்வேன்: "கண்ணு, இன்னைக்கு ரீடிங் எழுதிக்க."

அந்த வார்த்தைதான் எமனாக வந்தது.

எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் ரீடிங் என்றால் ஒன்றே ஒன்றுதான். சாயத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அதிகாரிகள் வந்து எடுக்கிற ரீடிங். சாயத் தண்ணீர் ஆற்றைக் கெடுக்கிறது என்று கோர்ட்டில் கேஸ், எந்த நேரமும் அதே பேச்சு. எந்தச் சாயப்பட்டறைக்கு எப்போது சீல் விழும் என்று தெரியாது. ஜீப் சத்தம் கேட்டால் சந்தே வாயை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட நேரத்தில் ஒருத்தன் மொட்டைமாடியில் வெள்ளைப் பெட்டியை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் ரீடிங் சொல்கிறான். அவன் மகளோ ஆராய்ச்சிக்காரி. ஊர் என்ன நினைக்கும்? அதிகாரிகளுக்கு உளவு சொல்கிறான் என்றுதான்.

முதலில் பேக்கரியில் நான் போனால் பேச்சு நின்றது. அடுத்து, என்னைப் பார்த்து எழுந்து நிற்கும் ஆட்கள் எழவில்லை. அதற்கும் பிறகு, நான் ஓட்டிச் சாயத்துக்கு அனுப்பிய துணி ரோல்கள் அதே டெம்போவில் திரும்பி வந்தன. "இடமில்லீன்னு சொல்லிட்டாங்க முதலாளி" என்றான் டிரைவர். சாயம் போடாத துணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இன்னொரு பட்டறைக்கு அனுப்பினேன். அங்கேயும் இடமில்லை. தூக்கம் போயிற்று. பெட்டியைக் கழற்றி இறக்கிவிட்டால் மறுநாளே துணி போகும். இறக்கினால் மகளின் வருஷம் பாதியில் அறுந்துவிடும். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவளே இறக்கச் சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் சாயங்காலம், அளக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வாசலில் வண்டிகள் வந்து நின்றன. என் ஒன்றுவிட்ட தங்கை மகன், எங்கள் சந்திலேயே பெரிய சாயப்பட்டறைக்காரர். நான் மாப்ள என்று கூப்பிடுவேன். அவரும் கூட நாலைந்து பட்டறைக்காரர்களும்.

"மாமா, மேல போலாமுங்களா?" என்றார் மாப்பிள்ளை. மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் என்னை நடுங்க வைத்தது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

மேலே போனோம். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். குழாய் எங்கே போகிறது, ஒயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை கதவைத் திறந்தார். பாட்டில் கண்ணில் பட்டது.

"பாருங்கய்யா, சாம்பிள் பாட்டில்!"

"அது துணிக்கு வெச்ச தண்ணிங்க மாப்ள" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில் வாயில் வந்தது அது.

"துணித் தண்ணியா? யாரு பட்டறைத் துணிங்க?"

"அட, அந்தத் துணியில்லீங்க. தெர்மாமீட்டர் போட்டிருக்கற துணி."

"தெர்மாமீட்டருக்கு எதுக்குங்க மாமா துணி? அதுக்கென்ன குளிருதா?"

பின்னால் சிரித்தார்கள். ஒருவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கலரே இல்லீங்களே" என்றார். "ப்ளீச்சிங் தண்ணியும் வெள்ளைதானுங்களே" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், இதுவரை வாயே திறக்காதவர், சொன்னார்: "நல்ல தண்ணின்னா மாமா குடிச்சுக் காட்டட்டுமுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பாட்டில் மட்டும் தெரிந்தது. காலையில் கரண்டு போன இருட்டில், ஜெனரேட்டர் அறையில் கைக்கு வந்த கேனை எடுத்து நான் ஊற்றிய தண்ணீர் அது. பேட்டரித் தண்ணி. குடிக்காவிட்டால் பெட்டி இன்றைக்கே இறங்கும். வாங்கினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தேன்.

ருசியே இல்லை. வாயில் எதுவுமே விழாத மாதிரி இருந்தது. அதுதான் இன்னும் பயம்.

பெட்டிக்குள் துணியின் வால் தண்ணீர் இல்லாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. துணி காய்ந்தால் அளவு போச்சு, அளவு போனால் வருஷம் போச்சு. நான் சாவேனா மாட்டேனா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, "மாப்ள, கீழ ஜெனரேட்டர் ரூமுல தண்ணி கேன் இருக்குது, ஓடுங்க" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய முதலாளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு கேன்.

"மாமா, ஒண்ணு ஆசிட்டுங்க. நீங்க எதுங்க ஊத்துவீங்க?"

இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன்கள். காலையில் எதைத் தொட்டேன்? தொண்டை எரிகிறதா, எரியவில்லையா? எரிகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மாப்பிள்ளை தரையில் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டார். ஒன்று சிமெண்டில் பொசுபொசுவென்று பொங்கியது. இன்னொன்று சும்மா நனைத்தது. நனைத்ததை எடுத்துப் பாட்டிலை நிரப்பினார். துணியின் வாலை அவரே பிடித்து உள்ளே விட்டார்.

அளவு நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் மகளுக்குப் போன் போட்டேன். மாடியில் டவர் கிடைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

"கண்ணு, பேட்டரி தண்ணியைக் குடிச்சா என்னாவும்?"

"யாருங்கப்பா குடிச்சது?"

"நம்மூட்டு ஆளு ஒருத்தரு."

"டிஸ்டில்டு வாட்டரா, ஆசிட்டா?"

"அதுதான் கண்ணு தெரியல."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "அந்த ஆளு பேசறாரா?"

"பேசறாரு."

"ஆசிட்டுன்னா இந்நேரம் வாய் வெந்திருக்குமுங்கப்பா, பேச்சு வந்திருக்காது. வெறும் தண்ணிதான். ஒண்ணும் ஆவாது." ஒரு மூச்சு விட்டுவிட்டு, "ஏனுங்கப்பா அதைக் குடிச்சீங்க?" என்றாள். அழுகிற குரல்.

"அப்பறம் சொல்றேன். ரீடிங்குக்கு நேரமாச்சு."

கதவைத் திறந்தேன். பாதரசம் இறங்கி, அசையாமல் நின்றிருந்தது. மூச்சைப் பிடித்தேன். என் பக்கத்தில் மாப்பிள்ளையும் பிடித்தார், பின்னால் நின்றவர்களும் பிடித்தார்கள். குறித்த நேரத்துக்கு அளந்தேன். விட்டுப்போகவில்லை.

காற்றின் ஈரத்தைத்தான் அளக்கிறேன் என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள், மறுநாள் என் ரோல்கள் பட்டறையில் இறங்கின. "மாமா, அந்த வார்த்தையை மட்டும் பேக்கரியில சொல்லாதீங்க, கேக்கறவங்களுக்கு நெஞ்சு வலி வந்துரும்" என்று மாப்பிள்ளை கெஞ்சினார். அதற்குப் பிறகு "ஈரம் எழுதிக்க கண்ணு" என்றுதான் சொன்னேன். பயம் மட்டும் போகவில்லை. காய்ச்சலில் படுத்த நாட்களிலும் மாடிப்படியைக் கையால் பிடித்துப் பிடித்து ஏறினேன், வருஷம் முடியும்வரை.

மகளுக்கு விருது கிடைத்தது. நான் போயிருந்தேன். குளிரெடுக்கும் பெரிய மண்டபம். மேடையில் கமிட்டியில் ஒருவர், "வருஷத்தில் ஒரு வேளைகூட விடாமல் அளந்திருப்பது மிகப் பெரிய விஷயம்" என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். திரையில் என் மொட்டைமாடியும் பெட்டியும் வந்தன. ஓரத்தில் கொடியில் காய்ந்த என் வேட்டி தெரிந்தது. நான் தெரியவில்லை. கடைசியில் நன்றி என்று போட்டு, வழிகாட்டிகள், கூட வேலை செய்தவர்கள், உபகரணம் கொடுத்தவர்கள் என்று ஒவ்வொருவர் பேரும் வந்தது. அதற்கும் கீழே, "மற்றும் உள்ளூர் ஒத்துழைப்பு."

மகளிடம் கேட்டேன். "பேர் போட ஒரு முறை இருக்குதுங்கப்பா, அப்பா பேரைப் போட்டா சொந்தக்காரங்களை வெச்சு அளந்ததுன்னு சொல்லுவாங்க" என்றாள். மாப்பிள்ளை வேறு, "மாமா, கேன் தூக்கிட்டு ஓடுனது நானுங்க, எனக்கும் ஒரு வரி பாருங்க" என்கிறார். அவருக்கு வேண்டுமானால் அரை வரி கொடுக்கட்டும்.

என்னை அப்பா என்று போட வேண்டாம். அப்பா என்றால் எல்லா அப்பனும் செய்வதுதானே என்று விட்டுவிடுவார்கள். நாடா மெஷினில் துணி ஓட்டிக் கொடுத்தவர் என்று போடட்டும். வருஷம் முழுக்க மூச்சைப் பிடித்து அளந்தவர் என்று போடட்டும். ஊரே இறக்கப் பார்த்தபோது பாட்டில் தண்ணீரைக் குடித்துப் பெட்டியை நிறுத்தியவர் என்றும் போடட்டும். அந்த உள்ளூர் ஒத்துழைப்பு நான்தான். அதை அடித்துவிட்டு என் பேரை எழுதுங்கள்.